கெடுக்காரர் தந்த மூன்றாம் தவணை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எமனே ஒதுங்கி வழிவிட்ட ஆள் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் கெடுக்காரர்தான். சத்தியம் செய்து சொல்வேன். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அந்த விஷக் காய்ச்சல் வருஷத்தில் எங்கள் பக்கம் குடியிருந்திருந்தால் நம்பியிருப்பார்கள்; அவர் இல்லாத பக்கம் குடியிருந்திருந்தால் இன்று நம்பாமலிருப்பதற்கு உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்திருப்பார். ஆனால் எங்களுக்கு அவர் கெடுக்காரர். பகலில் ரயில்வே நேர ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம்; எங்கள் ஊரில் கிராணி என்போம். எந்த வண்டி எத்தனை நிமிஷம் பிந்தி வந்தது என்று காலை முதல் மாலை வரை எழுதுவதுதான் வேலை. இந்த வேலையை இருபது வருஷம் பார்த்தால் யாருக்குத்தான் மண்டை காயாது? வண்டிகளைத் திருத்த அவரால் முடியவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் மாலையில் எங்கள் வாசகசாலையில் வந்து காட்டினார்.

வாசகசாலை என்றால் பெரிய மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, மூன்று அலமாரி, இரண்டு பெஞ்சு. எங்கள் சங்கம் நடத்தியது. கிராணியும் வரலாம், கூலியும் வரலாம், பாசாரில் மீன் விற்கிறவரும் கை கழுவிவிட்டு வரலாம். கெடுக்காரர் சம்பளமில்லாத நூலகர். வெள்ளைக் குளோஸ் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, கையில் குடை. கோட்டுப் பையில் ஒரு கடிகாரம், இடுப்பில் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே நடப்பார்.

புத்தகத்துக்குக் கெடு பதினாலு நாள். படித்து முடியவில்லையென்றால் இரண்டாம் தவணையாக இன்னொரு பதினாலு நாள். மூன்றாம் தவணை என்ற பேச்சை எடுத்தால் குடை நம் பக்கம் திரும்பும். பிந்தினால் அபராதம் கிடையாது. அபராதமாக இருந்தால் கொடுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்போமே! அவர் வைத்திருந்தது ஒரு கரும்பலகை. பாசாருக்குப் போகிற சாலையைப் பார்த்து அதை மாட்டியிருந்தார். கெடு தவறியவர் பெயர், எந்த ஆபீஸ், எத்தனை நாள் என்று மூன்றையும் முத்து முத்தான எழுத்தில் அதில் எழுதிவிடுவார். காய்கறி வாங்கப் போகிற பெண்கள் அத்தனை பேரும் படித்துவிட்டுத்தான் போவார்கள். எங்களில் இரண்டு பேருக்குப் பெண் கொடுக்க மறுத்ததே அந்தப் பலகையைப் பார்த்துத்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பலகையில் நிரந்தரக் குடியிருப்பு எனக்கு. அப்போது நான் கூட்ஸ் ஆபீசில் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. இன்னும் இரண்டு கிராணிகளோடு ஒரு வீட்டில் வாசம். எனக்கு எதுவுமே மூன்று நாள் பிந்தித்தான் நடக்கும். பிறந்ததே அப்படித்தான் என்று அம்மா சொல்வாள்.

"என்ன ஐசே, இண்டைக்கும் மூண்டு நாள் பிந்தியோ?" என்பார் கெடுக்காரர். யாரைக் கூப்பிட்டாலும் அவருக்கு 'ஐசே'தான்.

"வேலை அதிகம் அண்ணே. மூணே நாள்தான்லா."

"பினாங்கு மெயில்கூட உம்மை மாதிரிப் பிந்திறதில்லை. மெயிலுக்கு எஞ்சின் பழுதாகும். உமக்கு என்ன பழுது?"

என்னைப் போலவே பலகைக்குப் பக்கத்தில் அடிக்கடி நிற்கிற இன்னொரு ஆள் இருந்தார். ஆனால் அவர் பெயர் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற அந்தோணி அவர். கிள்ளான் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பிறந்து வளர்ந்து, முப்பது வயதுக்கு மேல் மாதா கோயில் உபதேசியாரிடம் எழுத்துக் கற்றவர். எதைக் கண்டாலும் விரலை வைத்துக் கூட்டிப் படிப்பார். பலகையில் எங்கள் பெயர்களைப் படித்துத்தான் பயிற்சி செய்தார். "உங்க பேரு இப்ப எனக்குப் பார்க்காமலே எழுத வரும் அண்ணே" என்று ஒருநாள் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

அந்தோணி எடுத்துப்போனது ஒரு துப்பறியும் நாவல். நானூறு பக்கம். ஜமீன் வீட்டு வைர அட்டிகையைத் திருடியது யார் என்பதுதான் கதை. கெடுக்காரர் அவர் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொல்லி, பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகுதான் புத்தகத்தைக் கொடுத்தார். நாளுக்குப் பதினைந்து பக்கம் படிக்க அந்தோணிக்கு முழு மூச்சும் போய்விடும். எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லி, "சமையல்காரன் மேலதான் சந்தேகமா இருக்கு" என்பார். மறுநாள் சமையல்காரனை விட்டுவிட்டுத் திவானைப் பிடித்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. பெரிய யுத்தம் முடியப்போகிறது என்று தந்தி வந்துகொண்டிருந்த சமயம். காலையில் தலைவலி என்று படுத்தவன் மூன்றாம் நாள் இல்லை. பள்ளிக்கூடம், நாடகக் கொட்டகை எல்லாம் மூடினார்கள். எங்கே பார்த்தாலும் யூக்கலிப்டஸ் தைல வாசனை. கழுத்தில் கற்பூரப் பொட்டலம் கட்டாத ஆள் இல்லை. வாசகசாலையையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

சங்கத் தலைவர் எங்கள் பெரிய கிராணி. அந்த அறையில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை போடவேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஆசை. உத்தரவு வந்ததும் கமிட்டியைக் கூட்டிவிட்டார்.

"முப்பத்தெட்டுப் புத்தகம் வெளியே இருக்கு. இந்தக் காய்ச்சல்லே பாதிகூடத் திரும்பி வராது. வாசகசாலையை இத்தோட முடிச்சிக்கலாம். ஊர் சரியானதும் மேசையைப் போடுவோம்."

கெடுக்காரர் எழுந்து நின்றார். இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார்.

"உத்தரவு அறையை மூடச் சொல்லியிருக்கு. புத்தகத்தை மூடச் சொல்லேல்லை. ஊர் சரியாகி அறை திறக்கிற அண்டைக்குக் கணக்கெடுங்கோ. கெடு தவறின புத்தகம் ஒண்டு வெளியிலை கிடந்தாலும் மேசையைப் போடுங்கோ. ஒரு பக்கக் காலை நானே பிடிச்சுத் தாறன்."

மறுநாளிலிருந்து நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு மயிர் சிலிர்க்கிறது. தைலத்தில் நனைத்த துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, ஆறடி மூங்கில் கழியின் நுனியில் ஒரு கூடையைத் தொங்கவிட்டு, அன்றன்று யாருக்குக் கெடுவோ அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். கூடையில் புத்தகத்தைப் போடவேண்டும். கழி நீளத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடி வாங்கிக்கொள்வார். வாசகசாலைக் கொல்லையில் கொடி கட்டி, துணி காயப்போடுவதுபோல் ஒவ்வொரு புத்தகத்தையும் விரித்துத் தொங்கவிட்டு மூன்று நாள் வெயில் காட்டுவார். பிறகு வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகை. சாயங்காலம் நான்கு மணிக்கு நம் ஊர் மழை தவறாமல் வரும் அல்லவா? மூன்றரைக்கே குடையோடு கொடிக்கடியில் ஆஜராகிவிடுவார். நான் பார்த்தவரையில் அந்தக் குடையைப் புத்தகத்துக்குத்தான் பிடித்தார், தனக்குப் பிடிக்கவில்லை.

காய்ந்த புத்தகங்களை வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர்களுக்கு அதே கூடையில் வைத்து நீட்டினார். அறைக்குள் தும்மினாலே முறைக்கிற மனிதர் சாலைக்குக் கேட்கிற மாதிரி, "பதினாலு நாள்! விளங்குதோ?" என்று கத்தியது அந்த நாட்களில்தான். ஒருநாள் பால்காரர் மாடு ஒன்று கொடியிலிருந்த காதல் கதையின் கடைசி அத்தியாயத்தைத் தின்றுவிட்டது. அதை எடுத்துப்போன ஸ்டோர் கிராணி வேலியருகே வந்து கெஞ்சினார்.

"முடிவு என்னன்னு நீங்களாவது சொல்லுங்க அண்ணே. கல்யாணம் ஆச்சா இல்லையா?"

"நான் ஒருத்தருக்கும் முடிவு சொல்லுறதில்லை. மாட்டைப் போய்க் கேளும்."

இதற்கிடையில் பலகை வேறு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கெடு நாளில் ஒரு வீட்டில் யாரும் எழுந்து வந்து புத்தகத்தைக் கொடுக்கவில்லையென்றால் என்ன அர்த்தம்? எல்லாரும் படுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பெயர் பலகையில் ஏறும். பாசாருக்குப் போகிற பெண்கள் படிப்பார்கள். மத்தியானத்துக்குள் அந்த வீட்டு வாசலில் கஞ்சி, விறகு, தண்ணீர் எல்லாம் வந்து இறங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொண்டுவருகிற டிரெசரே காலையில் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பக்கம் போவது என்று முடிவுசெய்தார். எங்கள் மானத்தை வாங்கிய பலகை எங்கள் உயிரைக் காத்தது.

ஒருநாள் அதில் பெரிய கிராணியின் பெயரே ஏறியது. சங்கத் தலைவர், ஒரு நாள் பிந்தி! நாங்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தபோது, அந்தோணி விரல் வைத்து அந்தப் பெயரைக் கூட்டிப் படித்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே வீடு முழுக்கப் படுத்த படுக்கை. நான்கு நாள் அந்தோணிதான் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார், அடுப்பு மூட்டினார், கஞ்சி ஊட்டினார். ஐந்தாம் நாள் பெரிய கிராணி எழுந்து உட்கார்ந்தார்.

என் கதையைக் கேளுங்கள். வழக்கப்படி நான் பிந்தினேன். பெயர் ஏறியது. நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, வாசலில் ஏழு சட்டிக் கஞ்சி வந்துவிட்டது! ஒரு ஆச்சி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜுரம் உள்ளுக்குள்ள போயிருச்சு" என்று அழுதாள். கொண்டுவந்தவர்கள் மனம் நோகக்கூடாதே என்று ஏழு சட்டியையும் குடித்தேன். விஷயம் தெரிந்ததும் ஊரே காறித் துப்பியது. அதனால் அடுத்த தவணையில் எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்து, கூட இருந்த இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய், நான் தனியாகக் கிடந்தபோது, பலகையில் என் பெயரைப் பார்த்த அத்தனை பேரும், "அவன் கெடக்கான் சோம்பேறி" என்று பாசாருக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. பானையில் தண்ணீர் இல்லை. எழுந்து கதவுவரைகூடப் போக முடியவில்லை. இனி அவ்வளவுதான் என்று கண்ணை மூடிவிட்டேன். நான்காம் நாள் காலை கதவு உடைகிற சத்தம் கேட்டது. குடையும் கழியுமாகக் கெடுக்காரர் நின்றார். முதலில் தலையணைப் பக்கம் கிடந்த புத்தகத்தை எடுத்துக் கூடையில் போட்டார். அப்புறம்தான் என்னைத் தூக்கினார்.

"எப்படி அண்ணே… தெரிஞ்சுது?"

"மூண்டு நாள் பிந்தினால் அது நீர். நாலு நாள் பிந்தினால் அது காய்ச்சல். வாயைத் திறவும், தண்ணியைக் குடியும்."

ஒன்பது நாள் காலையும் மாலையும் வந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. சோறு இறங்க ஆரம்பித்த அன்று, "எழும்பி நடக்கிறீர்தானே? வாரும், கழியைப் பிடியும்" என்று கூட்டிப்போய்விட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு ஆள்.

முப்பத்தெட்டில் முப்பத்தேழு வந்து சேர்ந்தன. மிச்சம் ஒன்றுதான். அது அந்தோணியின் கையில் இருந்த அட்டிகைக் கதை. இரண்டாம் தவணையின் கடைசி நாளில் மாலை ஐந்து மணிவரை வேலியருகே காத்திருந்தோம். அந்தோணி வரவில்லை. கெடுக்காரர் சாக்குக்கட்டியை எடுத்துப் பலகைக்குப் போனார். கையை உயர்த்தினார். எழுதவில்லை.

"அந்தோணி பிந்திற ஆள் இல்லை, ஐசே" என்றார். குடையைக்கூட எடுக்காமல் நடந்தார். அவர் குடையில்லாமல் நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

லைன் வீட்டில் அந்தோணி பாயில் கிடந்தார். மூச்சு இழுத்தது. பக்கத்தில் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் புத்தகம், நடுவில் ஒரு தீக்குச்சி. இருபது பக்கம் இருக்கும், அவ்வளவுதான் மிச்சம். கெடுக்காரரைப் பார்த்ததும் அந்தோணி எழுந்திருக்கப் பார்த்தார்.

"இன்னைக்குத்தானே கெடு, ஐயா? எடுத்துக்கிட்டுப் போங்க… கண்ணு தெரிய மாட்டேங்குது. யார் எடுத்தான்னு மட்டும் சொல்லிருங்க."

எனக்குத் தாங்கவில்லை. "சொல்லிருங்க அண்ணே" என்றேன்.

கெடுக்காரர் முகத்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நான் சொல்லமாட்டன். நீர்தான் வாசிச்சு அறியவேணும். மூண்டாம் தவணை தாறன், பதினாலு நாள். வாசிச்சு முடிச்சுப் புத்தகத்தை நீரே கொண்டந்து தரவேணும். அதுவரைக்கும் நீர் ஒரு இடமும் போகேலாது. விளங்குதோ?"

மூன்றாம் தவணை! என் காதையே நான் நம்பவில்லை. அந்தோணி சிரித்தார். "சரிங்கய்யா" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, ஆள் பிழைத்துவிடுவார் என்றே நான் நினைத்தேன். கெடுக்காரரும் அப்படித்தான் நினைத்தார். கெடு கொடுத்தால் மனிதர்கள் கட்டுப்படுவார்கள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஐந்து நாள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தோம். தீக்குச்சி நகரவே இல்லை. ஐந்தாம் நாள் மாலை அந்தோணி போய்விட்டார்.

மறுநாள் காலை பலகைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக ஏற்பாடு. கூட்டம் கூடக்கூடாது என்று உத்தரவு; ஆறேழு பேர்தான் தள்ளித் தள்ளி நின்றோம். பெரிய கிராணியும் வந்திருந்தார். அந்தோணியின் மனைவி புத்தகத்தை முந்தானையால் துடைத்து, கெடுக்காரரிடம் நீட்டினாள்.

"ஐயா, உங்க பொஸ்தகம்."

அவர் வாங்கினார். எனக்குப் பெருமூச்சு வந்தது. முப்பத்தெட்டும் சரியாகிவிட்டது, வாசகசாலை பிழைத்தது என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"கெடுவுக்கு இன்னும் ஒம்பது நாள் கிடக்கு, தங்கச்சி. அதுவரைக்கும் இது அவரின்ரை புத்தகம்."

தீக்குச்சி விழாமல் பிடித்துக்கொண்டு, அதை அந்தோணியின் கைக்கடியில் வைத்தார். பெட்டியை மூடினார்கள்.

திரும்பி நடக்கும்போது நான் மெதுவாக, "அண்ணே, கணக்கெடுப்பு… பில்லியர்ட்ஸ் மேசை…" என்று இழுத்தேன்.

"வாயை மூடும்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "சொல்லியிருக்கலாம், ஐசே. ஒரு பேர்தானே" என்றார். அன்று அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஊர் சரியாகி அறையைத் திறந்தார்கள். கமிட்டி கூடியது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பெரிய கிராணியே அலமாரியில் எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார்.

"ஒண்ணு குறையுதே."

"குறையேல்லை. வெளியிலை இருக்கு. கெடு தவறேல்லை" என்று கெடுக்காரர் பதிவேட்டை விரித்து நீட்டினார்.

எட்டிப் பார்த்தேன். அந்தோணி, பயர்மன். மூன்றாம் தவணை. நான்காம் தவணை. ஐந்தாம், ஆறாம், ஏழாம் தவணை. பதினாலு நாளுக்கு ஒருமுறை, ஒரு நாள் முன்பின் இல்லாமல், முத்து முத்தான அதே எழுத்து.

பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அந்தப் பெயரின்மேல் விரலை வைத்து, கூட்டிப் படிப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். அந்தோணி தண்ணீர் சுமந்து வந்த அந்த நான்கு நாளும் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும்.

"இவருக்கு… அடுத்த கெடு எப்போ?"

"வாற புதன்கிழமை."

"அப்பவும் முடிக்கலைன்னா?"

"இன்னும் பதினாலு நாள் குடுக்கலாம்."

"குடுங்க" என்று பெரிய கிராணி கையெழுத்துப் போட்டார். மேசை இன்றுவரை வரவில்லை.

கெடுக்காரர் உத்தியோகம் முடிந்து யாழ்ப்பாணம் திரும்பியபோது, சாவியையும் பதிவேட்டையும் யாரிடம் கொடுத்தார் தெரியுமோ? என்னிடம்! கமிட்டியே சிரித்தது. நானே கேட்டேன்: "நானா அண்ணே? மூணு நாள் பிந்தி வர்ற ஆளா?"

"பிந்துவீர். ஆனால் வராமல் விடமாட்டீர்" என்றார். ரயில் ஏறினார். வண்டி எட்டு நிமிஷம் பிந்திப் புறப்பட்டது. ஜன்னலில் அவர் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு போனதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. அந்த வீட்டுக் கதவை உடைத்து என்னைத் தூக்கிய மனிதருக்கு ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்று நாள் பிந்திவிட்டதென்று திட்டியிருப்பார்.

நேற்று புதன்கிழமை, அந்தோணிக்குக் கெடு நாள். ஆபீஸ் முடிந்ததும் எங்கும் நிற்காமல் போய்ப் பதிவேட்டைத் திறந்து, "மீண்டும் பதினாலு நாள்" என்று எழுதிவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரையையே பத்திரிகை ஆசிரியருக்கு மூன்று நாள் பிந்தித்தான் கொடுக்கிறேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை. அப்படி என்ன அவசரம் என்று வீட்டில் கேட்கிறார்கள். கெடுக்காரருக்குப் பயம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.